ஆயிரத்து நூற்றுப் பதினான்கு கனைப்புகள்

தனிஸ்லாஸின் குரல் திரும்பி வந்த அன்று முதல்வரின் அறையில் நாலு பேர் அழுதார்கள். தனிஸ்லாஸ் மட்டும் அழவில்லை. கழுத்துப் பட்டை நனைந்தால் கெட்டுப்போகும் என்று நிலோஃபர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். பாவம், மனுஷர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி, சாப்பிட்டியா?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். கேட்டது, கீழைக்கரை மாநிலத்தின் முதல்வர் அங்கயற்கண்ணியை. நாலு பேர் முன்னால் 'அம்மா' என்றும் 'நீங்க' என்றும் சொல்கிறவர், அன்றைக்கு எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"சாப்பிட்டேண்ணே" என்று சொன்ன முதல்வர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னண்ணே இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிறவங்க மாதிரி இருக்கு! உங்க கொரல் எப்ப இவ்வளவு நல்லா இருந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் நின்ற நிலோஃபருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குரல் அவள் கைவேலை.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். தொண்டையில் புற்று வந்து தனிஸ்லாஸின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆனால் பாருங்கள், குரல் போனாலும் பேசுகிற நினைப்பு போவதில்லை. ஒரு சொல்லை நினைத்த மாத்திரத்தில் கழுத்துத் தசை லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் படித்து, குரலாக்கி வெளியே விடுகிற பட்டை அது. யார் குரலில் பேசுவது? அவருடைய பழைய குரலில்தான். முதல்வர் ஒன்றியக் குழுத் தலைவராக இருந்த காலம் தொட்டு, இருபத்திரண்டு வருடக் கூட்டங்களின் ஒலிப்பதிவு முழுக்க இருந்தது. நிலோஃபர் அதில் உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், இருமல், கனைப்பு எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, குரலை மட்டும் பொறுக்கி எடுத்தாள். நாலு மாதம். பிள்ளைக்குத் தலையில் பேன் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கனைப்புதான் ஏராளம். "க்க்ரும்" என்று பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அதிகாரிகள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்களாம். இனிமேல் யாரும் சிரிக்கக் கூடாது என்று நிலோஃபர் ஒன்றுகூட விடாமல் வெட்டினாள். பட்டைக்கும் சொல்லிக்கொடுத்தாள்: தொண்டை கனைக்கிற துடிப்பு வந்தால் அதைக் குரலாக்காதே, தள்ளிவிடு. வெட்டியதையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு 'குப்பை' என்று பெயர் வைத்தாள். ஆயிரத்து நூற்றுப் பதினான்கு கனைப்புகள்.

அங்கயற்கண்ணிக்கு வலது காது சின்ன வயதிலேயே மந்தம். அதனால் எந்தக் கூட்டமானாலும் தனிஸ்லாஸ் இடது பக்கம், அரை அடி பின்னால் உட்காருவார். கோட்டையில் அவருக்கு 'அம்மாவோட இடது காது' என்றே பெயர். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்தவர். ஆறும் மதகும் கடலும் தவிர வேறு ஒன்றும் தெரியாது. கடல் ஒன்றரை முழம் ஏறிவிட்ட காலம் அது. அந்த மாநிலத்தில் ஆட்சி செய்வது என்றாலே பாதி நாள் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். கணினி ஆயிரம் கணக்குச் சொல்லும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முதல்வர் தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பார். தனிஸ்லாஸ் இரண்டு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது. அவ்வளவு சிக்கனம்.

புரட்டாசியில் ஒரு மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது.

"கோடியூர் சனத்த எங்க வைக்கலாம்ணே?" என்று முதல்வர் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துலயே வைக்கலாம். தண்ணி அதுவரைக்கும் ஏறாது" என்றது அந்த அழகான குரல்.

முதல்வர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் ஏறியது. நானூறு பேரும் மாடிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். முகாமுக்குச் சமைத்துக்கொண்டிருந்த வேம்பு மட்டும், வடித்த சோறு வீணாகிறதே என்று சமையற்கட்டுக்குத் திரும்பிப் போனாள். சுவர் விழுந்துவிட்டது.

முதல்வர் போயிருந்தபோது வேம்புவின் மகள் அழக்கூட இல்லை. "பள்ளிக்கூடத்துக்குள்ள தண்ணி வரும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அங்கயற்கண்ணி கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

கோட்டைக்குத் திரும்பியதும் தனிஸ்லாஸைத் தனியே கூப்பிட்டார். பட்டையின் மின்கலத்தை மாற்றவேண்டிய நேரமாதலால் நிலோஃபரும் அங்கே இருந்தாள்.

"தண்ணி ஏறாதுன்னீங்களேண்ணே."

"சொன்னேன்."

"நிச்சயமாத் தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"நிச்சயமால்லாம் தெரியாது. ஏறாதுன்னு தோணுச்சு."

"அப்படித்தான் தோணுதுன்னு சொல்லியிருக்கலாமில்ல? அடிச்சுச் சொன்ன மாதிரியில்ல சொன்னீங்க!"

"எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன் தங்கச்சி. இருவத்திரண்டு வருசமா இப்படித்தான் சொல்றேன்."

"இருவத்திரண்டு வருசத்துல இப்படி ஆனதில்லையேண்ணே!" முதல்வரின் குரல் உடைந்தது. "மொத மொத நான் ஒன்றியத் தலைவியான அன்னிக்கு, ஆளில்லாத மண்டபத்துல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? நான் இதுக்கு லாயக்கான்னு. லாயக்குதான்னீங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் இன்னிவரைக்கும் நின்னுக்கிட்டிருக்கேன். நீங்க சொன்னா நான் வேற யாரையும் கேக்கமாட்டேன். இனிமே எப்படிக் கேக்காம இருக்குறது, சொல்லுங்க!"

தனிஸ்லாஸ் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், சட்டைக் காலர் இறுக்குவதைப் போல.

தலைமைச் செயலர் வேதரத்தினம் நல்ல மனிதர்தான், ஆனால் நறுக்கென்று பேசுவார். "வயசாயிடுச்சும்மா. சாருக்கு ஓய்வு குடுத்துடலாம்" என்றார். முதல்வர் கொடுக்கவில்லை. ஆனால் தலை இடது பக்கம் சாய்வது குறைந்தது. கோட்டை முழுவதும் அதைக் கவனித்தது.

நிலோஃபருக்கு மட்டும் ஒரு சொல் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அவள் பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டாள். இந்த முறை கனைப்பை வெட்டவில்லை. கனைப்புக்குப் பின்னால் என்ன வருகிறது என்று கேட்டாள். "க்க்ரும். கரை தாங்கும்" என்றார் தனிஸ்லாஸ். உடனே அங்கயற்கண்ணியின் குரல்: "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே." அப்புறம் அவர் விளக்கமாகச் சொன்னார். தாங்கும், ஆனா மேற்குப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கு, அதை அடைச்சா. இன்னொரு பதிவு. "க்க்ரும். நாளைக்கு மழை நிக்கும்." "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே." கனைப்பு இல்லாத இடங்களில் முதல்வர் மறுபடி கேட்டதே இல்லை. நேரே கையெழுத்து.

ஐம்பது கேட்டாள். நூறு கேட்டாள். பிறகு காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தனக்கே நிச்சயமில்லாததைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனுஷருக்குத் தொண்டை கனைத்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. கனைப்பு விழுந்தால் மறுபடி கேட்கவேண்டும் என்று முதல்வரின் காதுக்குப் பழகியிருக்கிறது. அது முதல்வருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அவள் குப்பை என்று பெயரெழுதி ஒதுக்கிவிட்டாள். ஆசையாகச் செய்தாள், பாருங்கள். அதுதான் கொடுமை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால், வேம்பு செத்ததற்கு வேர் என் கத்தரியில் இருக்கிறது என்று சொல்வதாகும். பதினோரு நாள் அதைச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்து போனாள். சோறு இறங்கவில்லை. வீட்டில் அவள் அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள்.

பன்னிரண்டாம் நாள் புயல் வந்தது.

இது பெரியது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரை தொடும் என்றார்கள். முற்பகல் பதினோரு மணிக்கு முதல்வரின் அறையில் கூட்டம். சுவரெல்லாம் வரைபடம்.

வேதரத்தினம் சுருக்கமாகச் சொன்னார். "ரெண்டே வழிதாம்மா. முகத்துவாரத்துல இருக்குற கடல் கதவை மூடினா, கடல் டவுனுக்குள்ள வராது. ஆனா ஆத்துத் தண்ணி வெளிய போக வழியில்லாம பின்னால ஏறும். மேற்கே மணலியூர் பக்கம் ஒன்பதாயிரம் சனம். கதவைத் தெறந்து வச்சா மணலியூர் தப்பிச்சுக்கும், டவுனுக்குள்ள கடல் வரும். பஸ்ஸும் படகும் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். கணினி ரெண்டுக்கும் பாதிக்குப் பாதிங்குது."

முதல்வர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, பல நாள் கழித்து, தலை இடது பக்கம் சாய்ந்தது.

"நீங்க என்ன சொல்றீங்கண்ணே?"

"கதவை மூடிடுங்க. வண்டியெல்லாம் டவுனுக்கு அனுப்புங்க, அங்க கரையோரக் குடிசை காத்துக்கு நிக்காது. மணலியூர் கரை தாங்கும்."

தெளிவான குரல். மணி அடித்தாற்போல. வேதரத்தினம் கோப்பைத் திருப்பி வைத்தார். முதல்வர் பேனாவை எடுத்தார்.

கதவோரம் நின்ற நிலோஃபரின் கையில் பட்டையைக் கண்காணிக்கிற சின்னத் திரை இருந்தது. அதில் ஒரு மஞ்சள் கோடு துள்ளி விழுந்து அணைந்ததை அவள் பார்த்தாள். தொண்டை கனைத்திருக்கிறது. பட்டை தள்ளிவிட்டது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

"அம்மா..."

யாரும் திரும்பவில்லை.

"அம்மா, கையெழுத்துப் போடாதீங்க!"

அறை முழுவதும் திரும்பியது. "யாரும்மா நீ? பட்டை பாக்குற பொண்ணா? வெளிய போம்மா, இது என்ன நேரம்!" என்றார் வேதரத்தினம்.

"போறேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." நிலோஃபர் திரையைத் தூக்கிக் காட்டினாள். "சாருக்கு நிச்சயம் இல்லன்னா தொண்டைய கனைப்பாரும்மா. பழைய பதிவு எல்லாத்துலயும் இருக்கு. கனைச்சா நீங்க மறுபடி கேப்பீங்க. அது நல்லா இல்லன்னு நாந்தான் வெட்டிட்டேன். கோடியூர் விஷயம் கேட்டீங்களே, அப்பவும் கனைச்சிருப்பாரு. உங்க காதுக்கு வரல. இப்பவும் கனைச்சாரும்மா. இதோ, திரையில வந்துச்சு. நாந்தாம்மா வெட்டுனேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. இவர மறுபடி ஒரு தடவ கேளுங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தனிஸ்லாஸ் திகைத்துப்போய்த் தன் தொண்டையைப் பிடித்தார். "நானா? கனைக்கிறேனா?"

வேதரத்தினம்தான் மெல்லச் சொன்னார். "கனைப்பீங்க சார். நாங்க... கேட்டிருக்கோம்."

முதல்வர் பேனாவை மூடினார். "அந்தக் கனைப்ப இப்ப வரவைக்க முடியுமா உன்னால?"

"ஒரு நிமிஷம்மா."

ஒரு நிமிடம் ஆகவில்லை, பட்டையில் வைத்த தடையை எடுத்துவிட்டாள். முதல்வர் நாற்காலியை முழுவதுமாகத் திருப்பி, தனிஸ்லாஸுக்கு நேராக உட்கார்ந்தார்.

"அண்ணே, கதவை மூடணுமா?"

"மூடணும்."

கனைப்புச் சத்தம் இல்லை.

"மணலியூர் கரை தாங்குமா?"

"க்க்ரும். தாங்கும்."

பழைய கதவு திறக்கிற அதே சத்தம். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அங்கயற்கண்ணியின் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே சொன்னது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

"நரிக்கால் வாய்க்கால் தெறந்திருந்தா தாங்கும் தங்கச்சி. ஏறுற தண்ணிய அது உப்பளத்துக்குள்ள இழுத்துக்கும். ஆனா அத நான் பாத்து ஒன்பது வருசமாச்சு. மண்ணடிச்சுத் தூந்து போச்சோ என்னவோ."

"இத ஏண்ணே மொதல்லயே சொல்லல?"

"எனக்குச் சந்தேகம்னா நீயே திருப்பிக் கேப்ப. எப்பவும் கேப்ப. எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோன்னு நெனப்பேன். அதனால நானாச் சொல்லிப் பழக்கமில்ல." பட்டையின் குரலுக்கு நடுங்கத் தெரியாது. ஆனால் அவர் உதடு நடுங்கியது. "இந்தப் பட்டை வந்ததுலேருந்து நீ ரெண்டாவது தடவ கேக்கவேயில்ல. என்மேல அலுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன். கெழவன் எதையோ சொல்லிட்டுப் போறான்னு விட்டுட்டியோன்னு."

"அய்யோ அண்ணே..."

அதற்கு மேல் பேச நேரமில்லை. நரிக்கால் உப்பளச் சங்கத்தின் செயலாளர் அஞ்சம்மாளைப் போனில் பிடித்தார்கள். காற்றுச் சத்தத்துக்கு மேல் கத்தினாள் அவள்.

"வாய்க்கா இருக்குதும்மா! நாங்கதான் உப்பு அம்பாரத்துக்குத் தண்ணி வந்துடக் கூடாதுன்னு குறுக்கால கரை போட்டு அடைச்சு வச்சிருக்கோம்!"

"அத வெட்டிவிடணும், அஞ்சம்மா. அம்பாரம் கரைஞ்சிடும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"ஒரு வருசத்து உப்பும்மா. மணலியூர்லதான் எங்க பொண்ணுங்கள பாதிய கட்டிக்குடுத்திருக்கு. வெட்டுறோம். ஆனா அப்பறமா உங்ககிட்ட சண்டைக்கு வருவேன், நேருல வருவேன். இப்ப மம்பட்டி எடுக்கணும், போன வைங்க."

கதவை மூடினார்கள். வாய்க்காலை வெட்டினார்கள். மணலியூரில் தாழ்வான மூன்று தெருச் சனத்தை மட்டும் ஐந்து வண்டிகளில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற வண்டிகளும் படகுகளும் டவுனுக்குப் போயின. புயல் வந்தது, ஓலையும் தகரமும் பறந்தது, போனது. மணலியூரில் முழங்கால் தண்ணீர். வெண்மலை மாதிரி இருந்த உப்பு அம்பாரங்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை.

நாலாம் நாள் காலை முதல்வர் நரிக்காலுக்குக் கிளம்பினார். "அந்தப் பொம்பள கோட்டைக்கு வந்து சண்ட போடுறதுக்கு முன்னால நாமளே போய் வாங்கிக்குவோம்" என்றார். தனிஸ்லாஸும் போனார். நிலோஃபரையும் வரச்சொல்லியிருந்தார்கள். வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் வந்தாள்.

உப்பளக் கரையில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் மூவரும் உட்கார்ந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது.

"வேம்பு மககிட்ட நேத்துப் போயிருந்தேன்" என்றார் முதல்வர். "நடந்தது எல்லாத்தையும் சொன்னேன். யாரும் சொல்லலையான்னு கேட்டாள்ல. சொன்னாங்க, எனக்குக் கேக்கலன்னு சொன்னேன். உன் பேரையும் சொன்னேன், நிலோஃபர். நீ ஒருநாள் போய்ப் பாத்துட்டு வா. திட்டுனா வாங்கிக்க."

நிலோஃபர் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வரவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தக் குப்பைக் கோப்ப முழுசாக் கேட்டேன்" என்று தொடர்ந்தார் முதல்வர். "ஆயிரத்து நூத்திப் பதினாலும்." பிறகு தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "மொத கனைப்பு எந்தத் தேதி தெரியுமாண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கனைக்கிறதே போன வாரந்தான் எனக்குத் தெரியும்."

"நான் ஒன்றியத் தலைவியான அன்னிக்கு. கூட்டம் முடிஞ்சும் மைக்க யாரும் அணைக்கல. நான் கேக்குறேன், இதுக்கு நான் லாயக்காண்ணேன்னு. நீங்க என்ன பண்ணீங்க? க்க்ரும்! லாயக்குதான்!"

அவர் செய்து காட்டிய கனைப்பில் நிலோஃபருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனிஸ்லாஸ் முகம் சுண்டிப்போனது.

"இருவத்திரண்டு வருசமா அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் நான். அன்னிக்கு மட்டும் திருப்பிக் கேக்கத் தோணல பாருங்க எனக்கு. உங்களுக்கே நம்பிக்கை இல்லாமத்தான் சொல்லியிருக்கீங்க!"

"உனக்கு அப்ப முப்பத்தாறு வயசு. மதகுக்கும் மடைக்கும் வித்தியாசம் தெரியாது. கோவம் வந்தா கோப்பத் தூக்கி வீசுவ. என்ன சொல்றது நான்?"

"அப்ப ஏன் வேலைய விட்டுட்டு என்கூட வந்தீங்க?"

தனிஸ்லாஸ் காலடியில் கிடந்த ஈர உப்பைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தார்.

"சந்தேகமா இருந்துச்சு. அதான் வந்தேன். நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு? நீயே பாத்துக்குவன்னு நிம்மதியா வீட்டுலயே இருந்திருப்பேன்."

தூரத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அங்கயற்கண்ணி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயிலுக்கா வேறெதற்கா என்று நிலோஃபர் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரை மேல் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு பெண், சேலையை வரிந்து கட்டியவள், தோளில் மண்வெட்டி. நடையிலேயே சண்டை தெரிந்தது.

"அதோ, அஞ்சம்மா வர்றா" என்றார் முதல்வர். எழுந்து கொசுவத்தைச் சரிசெய்தார். "ஏண்ணே, இவகிட்ட நான் பேசிச் சமாளிச்சிடுவேனா?"

"க்க்ரும்" என்றது பட்டை. "சமாளிச்சிடுவ."

முதல்வர் சிரித்துக்கொண்டே கரையில் நடக்க ஆரம்பித்தார். தனிஸ்லாஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது பக்கம், அரை அடி பின்னால் போனார்.